டிசைன் பேட்டர்ன் வழியாக இடைமுக வடிவமைப்பு: முதன்முறை பாடம் எடுப்பவர்களுக்கு

"எல்லா ஆப்பிலும் இப்படித்தான் சார் இருக்கு." இடைமுக வடிவமைப்பு, அதாவது ஆப்பையும் மெஷினையும் நாம் இயக்கும் திரை, பட்டன்களை வடிவமைப்பது பற்றிப் பாடம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் வாரமே இந்தப் பதிலைக் கேட்டுவிடுவீர்கள். மெனுவை ஏன் கீழே வைத்தாய் என்று கேட்டாலும் இதுதான் பதில், தேதி கேட்க ஏன் காலண்டர் போட்டாய் என்று கேட்டாலும் இதுதான். பலருக்கு இதைக் கேட்டதும் எரிச்சல் வரும். "சொந்தமா யோசிச்சு வா" என்று அனுப்பிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். பத்து ஆப்பில் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் அதற்குப் பெரும்பாலும் ஏதோ காரணம் இருக்கும். திரும்பத் திரும்ப வரும் சிக்கலுக்கு இப்படிப் பலரும் வந்து சேரும் தீர்வுக்குப் பெயர்தான் பேட்டர்ன். அதன் காரணத்தைத் தோண்டி எடுத்து, எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று மாணவர்களையே எழுதவைப்பதுதான் பேட்டர்ன் வழியில் பாடம் நடத்துவது. பேட்டர்ன்களின் பட்டியலை நாம் ஸ்லைடில் போட்டுக் காட்டுவது அதில் சேராது.

60 பேர் உட்காரும் வகுப்பு, 50 நிமிட பீரியட், வாரத்துக்கு இரண்டு பீரியட், மொத்தம் 6 வாரம். இந்த அளவை மனதில் வைத்து எழுதுகிறேன். நான்கு பேருக்கு ஒரு குழு என்று 15 குழு வரும். தேவையான பொருட்கள் கெட்டி அட்டை, ஸ்கெட்ச் பேனா, மாணவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் செல்போன். திரைகளை வரைய உதவும் ஃபிக்மா மென்பொருள் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் முதல் நான்கு வாரம் அதன் தேவை இருக்காது.

முதல் பீரியட்: பால்கனியில் ஆரம்பியுங்கள்

கம்ப்யூட்டர் லேபுக்குப் போகாதீர்கள். பேட்டர்ன் என்ற யோசனையே கட்டடக் கலையிலிருந்து வந்தது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டரும் அவருடைய சகாக்களும் 1977இல் 'எ பேட்டர்ன் லேங்குவேஜ்' என்ற புத்தகத்தில் 253 பேட்டர்ன்களைத் தொகுத்தார்கள். ஊர்கள் எப்படிப் பரவ வேண்டும் என்பதில் ஆரம்பித்து, அறை, ஜன்னல், சுவரில் என்ன மாட்டலாம் என்பது வரை இறங்கி வருகிற புத்தகம் அது. வாசற்கதவுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு இடம் வேண்டும் என்று அதில் ஒரு பேட்டர்ன் இருக்கிறது. நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வரும்.

வகுப்புக்கு நான் சிபாரிசு செய்வது 167ஆம் பேட்டர்ன். சுவரிலிருந்து கைப்பிடி வரை ஆறடி ஆழம் இல்லாத பால்கனியை யாரும் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை என்கிறது அது. இதைச் சொல்வதற்கு முன்னால் மாணவர்களிடம் கேளுங்கள்: உங்களுக்குத் தெரிந்த அபார்ட்மென்ட்டில் பால்கனியில் என்னென்ன இருக்கிறது? துணிக்கொடி, ஏசியின் வெளிப்பெட்டி, காலி சிலிண்டர், காற்று இறங்கிய சைக்கிள். யாராவது அங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. மூன்றடி ஆழத்தில் நாற்காலி போட்டால் கால் நீட்ட முடியாது. எதிரில் இன்னொருவர் உட்கார முடியாது.

சரி, அப்படியானால் பில்டர் ஏன் மூன்றடியில் கட்டுகிறார்? இந்தக் கேள்வியை வகுப்பில் விட்டுவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். சதுர அடி விலை, ஹால் சின்னதாகிவிடுமே என்ற கவலை, துணி காயப்போட எப்படியும் ஒரு இடம் வேண்டுமே என்று ஒவ்வொன்றாக வரும். ஒன்றையொன்று இழுக்கும் இந்தத் தேவைகளைத்தான் இழுபறி என்று கரும்பலகையில் எழுதப் போகிறீர்கள். ஒரு பேட்டர்னின் உயிர் அதில்தான் இருக்கிறது. தீர்வு அதிலிருந்து தானாக வரும்.

மீதிப் பத்து நிமிடத்தில் அலெக்ஸாண்டர் ஒரு பேட்டர்னை எழுதும் வரிசையைச் சொல்லுங்கள்: ஒரு பெயர், ஒரு படம், எந்தச் சூழலில் இது வருகிறது, சிக்கல் என்ன, அதைப் பற்றிய விவாதம், 'ஆகவே' என்று தொடங்கும் தீர்வு, கடைசியில் இதோடு தொடர்புள்ள மற்ற பேட்டர்ன்கள். அந்த 'ஆகவே' முக்கியம். அதற்கு மேலே எழுதியதெல்லாம் சரியாக இருந்தால்தான் அந்தச் சொல் அங்கே நிற்கும்.

இரண்டாம் படி: சேகரிப்பு

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு செயலைக் கொடுங்கள். பட்டன், மெனு, டேப் என்று உறுப்பைக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் அழகான பட்டன்களின் ஆல்பம்தான் வரும். தேடுவது, தேதி கொடுப்பது, செய்ததைத் திரும்ப எடுப்பது, காத்திருப்பது, பணம் அனுப்புவதற்கு முன் சரிபார்ப்பது, நீண்ட பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, இதுபோல வினைச்சொல்லாகக் கொடுங்கள். ஒரு வாரத்தில் குழுவுக்குப் பத்து ஸ்க்ரீன்ஷாட்.

இதில் இரண்டு கட்டளை. ஒன்று, பத்தில் குறைந்தது இரண்டு செல்போனுக்கு வெளியே இருக்க வேண்டும்: ஏடிஎம், ரயில் நிலையத்து டிக்கெட் மிஷின், வாஷிங் மெஷின் பேனல், லிஃப்ட் பட்டன், எதுவானாலும் சரி. இடைமுகம் என்றாலே கண்ணாடித் திரை என்று நினைக்கும் பழக்கம் இதில் கொஞ்சம் தளரும். இரண்டு, படத்தில் யாருடைய பெயர், போன் நம்பர், வங்கி விவரம் தெரிந்தாலும் அழித்துவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும். பணம் அனுப்பும் ஆப் என்றால் மாணவர்கள் தங்கள் வீட்டுக் கணக்கையே அப்படியே படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுவார்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: ஒரு அட்டையை முழுதாக எழுதிக் காட்டுங்கள்

ஒரு பேட்டர்னை அலெக்ஸாண்டரின் வரிசையில் ஒரு கெட்டி அட்டையில் எழுதுவதைத்தான் அட்டை என்கிறேன். பாடத்தின் நடு இதுதான். இங்கே அவசரப்படாமல் இரண்டு பீரியட் எடுத்துக்கொள்ளுங்கள். நான் தேதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன், ஏனென்றால் எல்லோரும் எளிது என்று நினைக்கும் விஷயம் அது.

புரொஜெக்டரில் ஒரு படிவத்தைப் போடுங்கள். பிறந்த தேதி என்ற பெட்டியைத் தட்டியதும் காலண்டர் விரிகிறது, அதுவும் இந்த மாதத்தில். வகுப்பில் ஒருவரைக் கூப்பிட்டு, 1962இல் பிறந்த ஒருவரின் தேதியை அதில் போடச் சொல்லுங்கள். மாதம் மாதமாகப் பின்னால் போனால் எழுநூறு தடவைக்கு மேல் தட்ட வேண்டும். மேலே உள்ள வருடத்தைத் தட்டினால் வருடப் பட்டியல் வரும் என்று பின் வரிசையிலிருந்து குரல் வரும். அதுவும் தெரிந்தவருக்குத்தான் தெரியும். அங்கே தட்டலாம் என்று திரையில் எதுவும் சொல்லவில்லையே. இப்போது அட்டையை எழுதுங்கள்.

பெயர்: மனப்பாடத் தேதி.

சூழல்: பிறந்த தேதி, கல்யாணத் தேதி போல, கேட்டதும் சொல்லக்கூடிய ஒரு தேதியைப் படிவத்தில் வாங்குகிறோம்.

சிக்கல்: தேதி பயனாளரின் நினைவில் தயாராக இருக்கிறது. திரையோ அதைத் தேடச் சொல்கிறது.

இழுபறி: தட்டச்சு செய்தால் வேகம், ஆனால் 31-02 என்றும் போடலாம். ஒரே பெட்டி என்றால் நாள் முதலா மாதம் முதலா என்ற குழப்பம் வரும்; 05-08 என்பதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். காலண்டரில் தப்பான தேதி வராது, ஆனால் பழைய வருடத்துக்குப் போவது பெரும்பாடு. மூன்று இறங்கு பட்டியல் போட்டால், வருடப் பட்டியல் நூறு வரி நீளும்; நடுங்கும் விரலுக்கு அதில் ஒரு வரியைப் பிடிப்பது கஷ்டம்.

ஆகவே: நாள், மாதம், வருடம் என்று பெயர் எழுதிய மூன்று தனிப் பெட்டிகள். எண் கீபேட் திறக்கட்டும். பக்கத்திலேயே ஒரு மாதிரித் தேதியைக் காட்டுங்கள். ஒரு பெட்டி நிரம்பியதும் கர்சரைத் தானாக அடுத்ததற்குத் தள்ளாதீர்கள். தப்பு இருந்தால் எந்தப் பெட்டியில் என்று அதன் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

தொடர்பு: பிழைச் செய்தி, மாதிரிக் குறிப்பு, பயணத் தேதி.

பிரிட்டன் அரசின் இணையச் சேவைகளுக்கான டிசைன் சிஸ்டமும் (வடிவமைப்பு வழிகாட்டித் தொகுப்பு) மனதில் இருக்கும் தேதிக்கு இதே மூன்று பெட்டியைத்தான் சொல்கிறது. கர்சரைத் தானாகத் தள்ளாதே என்பதும் அதில் உண்டு. அட்டையை எழுதி முடித்த பிறகு மட்டும் இதை மாணவர்களிடம் காட்டுங்கள். முன்னாலேயே காட்டினால் காப்பி அடித்துவிட்டு இழுபறியைப் பிறகு இட்டுக்கட்டுவார்கள்.

அடுத்த பீரியடில் அதே வகுப்பில் ரயில் டிக்கெட்டுக்கு வாருங்கள். அங்கே மூன்று பெட்டி வேலைக்கு ஆகாது. ஊருக்குப் போகிறவர் வெள்ளி ராத்திரியா சனி காலையா என்று கிழமையைப் பார்த்து முடிவு செய்கிறார். தேதி அவர் மனதில் தயாராக இல்லை. அதோடு ரயில்வே முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் மட்டும்தான், அதனால் காலண்டரை இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் புரட்டவும் தேவையில்லை. காலண்டர் இங்கே கச்சிதம். இரண்டு இடத்திலும் கேட்பது தேதிதான், சூழல் மாறியதும் தீர்வு தலைகீழாகிறது. மாணவர் இந்த இடத்தைப் பிடித்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

முடிந்தால் மூன்றாவதாக ஒரு குண்டைப் போடுங்கள். ஆதார் அட்டையில் பிறந்த வருடம் மட்டும் அச்சாகியிருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நாள், மாதம் அவர்களுக்கே தெரியாது. மூன்று பெட்டியும் கட்டாயம் என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? யாராவது ஜனவரி 1 என்று போட்டுக்கொடுப்பார்கள். 'மனப்பாடத் தேதி' என்ற பெயரே அங்கே உடைகிறது. அட்டையின் சூழலில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அல்லது புதிதாக இன்னொரு அட்டை எழுத வேண்டும். எது என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

வீட்டுப்பாடமாகப் பெயரைக் கொடுங்கள். முதல் பெயர், குடும்பப் பெயர், இரண்டும் கட்டாயம் என்று கேட்கும் படிவங்கள் ஏராளம். இனிஷியலோடு எழுதும் நம்மவர்கள் அதில் அப்பா பெயரைப் போடுவதா, ஒற்றை எழுத்தைப் போடுவதா என்று திணறுகிறார்கள். ஒற்றை எழுத்தை ஏற்கமாட்டேன் என்று சிவப்பில் கத்தும் படிவமும் உண்டு. வகுப்பில் பாதிப் பேருக்குச் சொந்த அனுபவம் இருக்கும், அதனால் இந்த அட்டையில் இழுபறி பத்தி வழக்கத்தைவிட நீளமாக வரும். நல்லது. விமான டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் பிரிந்து வர வேண்டும் என்ற எதிர்த் தேவையையும் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நான்காம் படி: எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது

அட்டைகளை எப்படித் திருத்துவது? ஆசிரியர் ஒருவரே 15 குழுவின் அட்டைகளையும் திருத்தினால் சிவப்பு மை தீரும், மாணவர் கற்பது குறைவு. பேட்டர்ன் எழுதும் மென்பொருள்காரர்கள் 1994இல் பிளோப் என்ற மாநாட்டைத் தொடங்கினார்கள். கவிஞர்களும் கதை எழுதுபவர்களும் நடத்தும் பட்டறை முறையை அங்கே கொண்டுவந்தார்கள். எழுதியவர் வட்டத்தில் உட்காருவார், ஆனால் பேசமாட்டார். மற்றவர்கள் அவர் அங்கே இல்லாதது போல அவருடைய பேட்டர்னைப் பற்றிப் பேசுவார்கள்.

வகுப்பில் இதை இப்படிச் செய்யலாம். இரண்டு குழுக்களைச் சேர்த்து உட்காரவையுங்கள். எதிர்க்குழுவில் ஒருவர் அட்டையில் என்ன இருக்கிறது என்று தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். அப்புறம் எது நன்றாக இருக்கிறது, ஏன் என்று. அதற்குப் பிறகுதான் எதை மாற்றலாம் என்பது. எழுதிய குழு குறிப்பு மட்டும் எடுக்கும். கடைசி ஐந்து நிமிடம் புரியாததைக் கேட்கலாம், வாதாடக்கூடாது. நம் வகுப்புகளில் நண்பனின் வேலையை "சூப்பர்டா" என்பதோடு முடித்துவிடும் வழக்கம் உண்டு. முதலில் சுருக்கிச் சொல்லவைப்பதுதான் இதற்கு மருந்து. அட்டை தெளிவாக இல்லையென்றால் அங்கேயே தடுமாறுவார்கள், யாரும் யாரையும் குறைசொல்லத் தேவை இருக்காது.

இழுபறி பத்தியில் எண் இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் சுற்றிவந்து பாருங்கள். "பட்டன் பெரிதாக இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால் எவ்வளவு பெரிது என்று கேளுங்கள். ஆண்ட்ராய்டு 48 டிபி என்கிறது, ஆப்பிள் 44 பாயின்ட் என்கிறது (இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்), மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான இணைய அணுகல் விதிகளின் (WCAG) 2.2 பதிப்பு குறைந்தபட்சம் 24க்கு 24 பிக்சல் என்கிறது. ஏன் மூன்று எண்? தேடிவரச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: அட்டைகளைக் கோர்த்தல்

இதுவரை தனித்தனி அட்டைகள். இப்போது சுவரில் ஒட்டி, எது எதைக் கூப்பிடுகிறது என்று கோடு இழுங்கள். 'பல படிப் படிவம்' அட்டை 'எங்கே இருக்கிறேன்' அட்டையைக் கூப்பிடும், அது 'பாதியில் நிறுத்திச் சேமித்தல்' அட்டையைக் கூப்பிடும். கோடு எதுவும் வராத அட்டை இருந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது ஒரு உறுப்பின் வர்ணனையாக இருக்கும்.

அப்புறம் ஒரு சின்ன வேலை கொடுங்கள்: ஊரில் ஒரு டாக்டர் கிளினிக்குக்கு டோக்கன் போடும் ஆப். சுவரில் உள்ள அட்டைகளை மட்டும் வைத்து, காகிதத்தில் திரைகளை வரைய வேண்டும். ஒவ்வொரு திரையின் பின்பக்கமும் எந்தெந்த அட்டை என்று எழுத வேண்டும். அட்டை இல்லாத முடிவு எடுத்தால் புது அட்டை எழுத வேண்டும். திரையின் கீழே மெனுவாக நான்கு டேப் வரைந்து தமிழில் பெயர் எழுதியதும் எழுத்து இடிக்கும். அப்போதுதான் எல்லா ஆப்பிலும் இருப்பது எல்லா மொழிக்கும் அப்படியே வராது என்பது உறைக்கும்.

வரைந்த காகிதத்தை வகுப்புக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள்: கேன்டீன் அண்ணன், ஹாஸ்டல் வாட்ச்மேன், வீட்டில் பாட்டி. ஒருவர் விரலால் காகிதத்தைத் தட்ட, இன்னொருவர் அடுத்த காகிதத்தை வைக்க வேண்டும். விளக்கம் சொல்லக்கூடாது. எங்கே விரல் தயங்கியது என்று மட்டும் குறித்துக்கொள்ளட்டும்.

பயனாளர்களே பேட்டர்ன் வைத்து வடிவமைக்க முடியுமா என்று மாணவர்கள் கேட்டால் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1987இல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற மென்பொருள்காரர்கள் இருவரும் ஸ்மால்டாக் என்ற நிரல் மொழியில் ஒரு இடைமுகம் செய்ய வேண்டியிருந்தது. அலெக்ஸாண்டரைப் பின்பற்றி ஐந்தே ஐந்து சின்ன பேட்டர்ன் எழுதி, அதைப் பயன்படுத்தப்போகிறவர்களின் கையிலேயே கொடுத்தார்கள். ஒரு வேலைக்கு ஒரு ஜன்னல், ஒரு ஜன்னலில் குறைந்த பகுதிகள், சுருக்கமான மெனு, இந்த மாதிரி எளிய விஷயங்கள்தான். அந்தப் பயனாளர்கள் நன்றாகவே வடிவமைத்தார்கள். மென்பொருள் உலகத்துக்குள் பேட்டர்ன் நுழைந்த கதையில் இது முதல் அத்தியாயம். நிரலாக்கத்தில் மாணவர்கள் படிக்கும் 23 டிசைன் பேட்டர்ன் புத்தகம் வந்தது 1994இல்தான். இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்புவார்கள், ஒரு நிமிடம் ஒதுக்கித் தெளிவுபடுத்துங்கள்.

ஆறாம் படி: ஏமாற்றும் பேட்டர்ன்

இதற்கு ஒரு பீரியட் போதும், நீங்கள் பேசவே தேவையிருக்காது. பயனாளரை ஏமாற்றும் இடைமுகத் தந்திரங்களுக்கு வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010இல் டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்தார். இவற்றைத் தடுக்க இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. 13 வகை அதில் பட்டியலிடப்பட்டிருக்கிறது: பொய் அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்று சொல்பவரைக் கூச்சப்படவைப்பது, சேர எளிதாகவும் விலகக் கடினமாகவும் சந்தா வைப்பது என்று நீள்கிறது. பட்டியலைக் கொடுத்து, தங்கள் போனில் தேடச் சொன்னால் இருபது நிமிடத்தில் பலகை நிறைந்துவிடும்.

அப்புறம் அதில் ஒன்றுக்கு அட்டை எழுதச் சொல்லுங்கள், அதே வடிவத்தில். இழுபறி பத்தியில் கம்பெனியின் தேவை மட்டும் இருக்கும், பயனாளரின் தேவை காணாமல் போயிருக்கும். எழுதிப் பார்த்தால் அது அவர்களுக்கே தெரியும்.

மார்க் போடுவது

திரையின் அழகுக்கு மார்க் போடாதீர்கள். இப்போது ஏஐயிடம் ஒரு வரி சொன்னால் ஒரு நிமிடத்தில் பளபளவென்று திரை வந்துவிடும். என் கணக்கு: இழுபறிக்கு 40, சூழலின் எல்லையைச் சரியாக வரைந்ததற்கு 20, மற்ற அட்டைகளோடு உள்ள தொடர்புக்கு 15, வெளியாளிடம் காட்டிக் குறித்த தயக்கங்களுக்கு 25. உங்கள் பல்கலைக்கழகம் ஃபைனல் ஸ்க்ரீனுக்கும் மார்க் கேட்டால் கடைசி இரண்டு வாரம் ஃபிக்மாவில் வரையவிட்டு, சூழலிலிருந்து கொஞ்சம் வெட்டி அதற்குக் கொடுங்கள். இழுபறியில் கை வைக்காதீர்கள்.

அலெக்ஸாண்டரிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். அவர் தன் பேட்டர்ன்களின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடுவார். இரண்டு நட்சத்திரம் என்றால் இதில் உறுதியாக இருக்கிறேன், ஒன்று என்றால் ஓரளவு, எதுவும் இல்லையென்றால் இன்னும் தேட வேண்டும். மாணவர்களும் தங்கள் அட்டைக்கு நட்சத்திரம் போடட்டும். நட்சத்திரம் இல்லாத அட்டைக்கு மார்க் குறையாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லா அட்டையிலும் இரண்டு நட்சத்திரம் மின்னும்.

செமஸ்டர் முடிந்ததும் அட்டைகளைத் தூக்கிப்போடாதீர்கள். ஒரு ஷூ பெட்டியில் வைத்து அடுத்த பேட்ச்சிடம் கொடுங்கள். அவர்களுடைய முதல் வேலை, அதில் காலாவதியான ஒரு அட்டையைக் கண்டுபிடித்து, எந்த இழுபறி மாறிவிட்டது என்று பின்பக்கம் எழுதுவது. ஓடிபியைக் கையால் அடிக்கும் அட்டை இருந்தால், போனே அதைப் படித்து நிரப்புவதால் அது அனேகமாக முதலில் மாட்டும்.